காலடியில் ஒரு பாடம்

அலை வந்து திரும்பிய ஈர மணலில் காலை அழுத்தி வையுங்கள். மிதித்த இடத்தில் நீர் கசியும் என்றுதான் மனம் எதிர்பார்க்கும். நடப்பதோ வேறு. பாதத்தைச் சுற்றியுள்ள மணல் சட்டென்று வெளுத்து, உலர்ந்ததுபோல் ஆகிவிடுகிறது!

அலைகள் ஓயாமல் அசைத்து அசைத்து, அந்த மணலைத் தட்டி அளந்த படி அரிசிபோல இறுக்கி வைத்திருக்கின்றன. இனி நெருங்க இடமில்லை. நம் எடை விழுந்ததும் மணல் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் நகர முடியும். ஏறும்போது இடைவெளிகள் பெருகுகின்றன. மேற்பரப்பில் நின்ற நீர் அவற்றுக்குள் இறங்கிவிடுகிறது. சற்று நேரத்தில் சுற்றிலுமிருந்து நீர் ஊறிவர, ஈரம் திரும்புகிறது.

மான்செஸ்டரில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1885-ல் இதை விளக்கினார். கட்டடங்களுக்கு அடித்தளம் அமைக்கும் பொறியாளர்கள் மண்ணின் இந்தக் குணத்தை இன்றும் கணக்கில் கொள்கிறார்கள்.

அவருக்கு முன் எத்தனை தலைமுறைகள் கடற்கரையில் நடந்திருக்கும்! எல்லோர் காலடியிலும் கிடந்த கேள்வி, ஒருவர் நின்று யோசித்ததால் அறிவாயிற்று. கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களே, அவர்கள் “ஏன்?” என்று கேட்டால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கூடவே குனிந்து பாருங்கள். அறிவியல் கல்வி அங்கேதான் தொடங்குகிறது.