அசனத்தில் இன்னொரு பானை



இன்றைய நற்செய்தியில் யாயிரின் வீட்டில் இயேசு கடைசியாகச் செய்தது என்ன என்று கேட்டால், இறந்துபோன அந்த வீட்டுச் சிறுமியை உயிரோடு எழுப்பினார் என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். மாற்கு அங்கே நிறுத்தவில்லை. ஒப்பாரி வைத்தவர்களை வெளியே அனுப்பி, பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பி, இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று கண்டித்த பிறகு, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார் ஆண்டவர். பெற்றோர் திகைத்துப்போய் நிற்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, இத்தனை நேரம் படுத்த படுக்கையாகக் கிடந்தவள், அவளுக்குப் பசிக்குமே என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தோன்றுகிறது.

அங்கே போகும் வழியில் இன்னொரு பெண் வருகிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக நோய். மருத்துவர் பலரிடம் அலைந்து, கையில் இருந்ததையெல்லாம் கரைத்து, தேறாமல் இன்னும் மோசமாகிப்போனவர். வெளியே தெரியாத நோய் அது. பார்ப்பவர் கண்ணுக்கு அவர் நன்றாகத்தான் இருக்கிறார். அதனால்தான் முன்னால் வரத் துணியாமல், கூட்டத்துக்குள் புகுந்து, பின்னாலிருந்து ஆடையை மட்டும் தொடுகிறார். அவரைப் போன்றவர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். சாப்பாடே நோயாகிப்போனவர்கள். அடுத்த மாதம் திருவிழா அசன விருந்து வைக்கப்போகிற நாம், இன்று அவர்களைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

தவக்காலத்தில் ஒரு தாய் தம் மகனோடு பங்கு இல்லத்துக்கு வந்தார். பையன் புதுநன்மை வாங்க வேண்டிய வயது. “சாமி, இவனுக்குக் கோதுமை சேராது. நன்மை வாங்கலாமா?” என்று கேட்டுவிட்டு, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். மளிகைக் கடையில் வாங்கிய ஒவ்வொரு பொட்டலத்தின் பின்பக்கத்தையும் வெட்டி ஒட்டியிருந்தார். பக்கத்திலேயே பச்சை மையில் சரி, அல்லது சிவப்பு மையில் பெருக்கல் குறி. பெருங்காயத்தூளுக்குச் சிவப்பு. கடையில் வாங்கும் பெருங்காயம் தனிப் பிசின் அல்ல. அதன் காரமும் நெடியும் தாங்காது என்று மைதாவோ அரிசி மாவோ சேர்த்துத்தான் விற்கிறார்கள். மைதா கலந்த பெருங்காயம் ஒரு சிட்டிகை விழுந்தாலும் அந்தச் சாம்பாரும் ரசமும் அவனுக்கு ஆகாது. மாவு மில்லில் அரைத்த அரிசி மாவுக்கும் சிவப்புதான். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால் அது இயந்திரத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும்; நம் அரிசியோடு வெளியே வரும். ஆகவே அந்த வீட்டில் அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, மிக்சியில் அரைத்து, சலிக்கிறார்கள். ஓட்டலில் பூரி பொரித்த எண்ணெயில் போட்ட உளுந்து வடைக்கும் அதே சிவப்புக் குறி.

சீலியாக் என்பது அந்த நோயின் பெயர். கோதுமையிலும் பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர் அதைச் சாப்பிட்டால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப்போகின்றன. அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இரத்தசோகை, வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல், பிள்ளைகளாக இருந்தால் வளர்த்தி நின்றுவிடுவது. இந்தப் பையனுக்கும் அப்படித்தான். பூச்சி மருந்து கொடுத்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், கண்ணேறு கழித்தார்கள், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார்கள். உடம்பு தேறட்டும் என்று தினமும் மால்ட் பானம் கலந்து கொடுத்தார்கள். மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. பாசத்தோடு ஆற்றிக் கொடுத்த ஒவ்வொரு டம்ளரும் அவனை இன்னும் நலியவைத்தது. அந்தத் தாயை யாரும் குறை சொல்ல முடியாது. தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை.

உலகத்துக்கே இது தெரியவந்து நெடுங்காலம் ஆகவில்லை. நெதர்லாந்தில் வில்லம் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர். கோதுமைதான் காரணமாக இருக்கும் என்று அவருக்கு 1930களிலேயே ஐயம். 1944–45 குளிர்காலத்தில், போர்ப் பஞ்சத்தில் ஊரே ரொட்டியில்லாமல் வாடியபோது, இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறியதை அவர் கவனித்தார். ரொட்டி திரும்பி வந்தது. பிள்ளைகள் மறுபடி நலிந்தார்கள். 1950இல் தம் ஆய்வேட்டில் அதை எழுதினார். இன்றுவரை இதற்கு மருந்து என்று ஒன்று இல்லை. வாழ்நாள் முழுவதும் அந்தத் தானியங்களைத் தொடாமல் இருப்பதே வைத்தியம். உங்கள் வீட்டில் யாருக்கேனும் ஐயம் இருந்தால், நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டுப் போனால் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

உணவு சேராத எல்லாருக்கும் இந்த நோய் என்று சொல்லவில்லை. பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. அது சங்கடம், ஆபத்து இல்லை. இறாலோ நிலக்கடலையோ ஒவ்வாமையாக இருப்பவருக்கோ சில நிமிடங்களில் மூச்சே அடைத்துவிடலாம். நோய் வேறு வேறு. பந்தியில் இவர்கள் எல்லாரும் கேட்கிற வார்த்தை மட்டும் ஒன்று: “ஒரு வாய் சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது.”

அன்புக்குரியவர்களே, விருந்தினரை வற்புறுத்திச் சாப்பிட வைப்பது நம் இரத்தத்தில் ஊறிய பண்பு. இலையைக் கையால் மறைத்தால்கூட விரலிடுக்கில் பரிமாறிவிடுவோம். நல்ல பண்புதான். ஆனால் வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகும் இலையில் போடுவதை நான் அன்பு என்று சொல்லமாட்டேன். அவர் சொன்னதை நாம் நம்பவில்லை என்றே அதற்குப் பொருள். நம் வீடுகளில் இதனால் எத்தனை கண்ணீர்! வீட்டில் பெரியவருக்குச் சர்க்கரை என்று இரவில் எல்லாருக்கும் சப்பாத்தி. புதிதாக வந்த மருமகள் எனக்குச் சோறு போதும் அத்தை என்றால், நடிக்கிறாள், செல்லம் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள் என்று பேச்சு. பெண் பார்க்க வரும்போது இதைச் சொல்லிவிடாதே என்று பெற்றவர்களே வாயைக் கட்டிவிடுகிறார்கள். பவுல் தம் அன்புப் பிள்ளை திமொத்தேயுவுக்கு எழுதும்போது அவருடைய வயிற்றைப் பற்றியும் அடிக்கடி வரும் உடல் நலிவைப் பற்றியும் விசாரித்து, தண்ணீர் மட்டுமே குடிக்காதே, கொஞ்சம் திராட்சை மதுவும் சேர்த்துக்கொள் என்கிறார். எபேசு திருச்சபையை நடத்திய தலைவர் அவர். அவருடைய வயிற்றுக் கோளாறு திருமுகத்தில் எழுதப்பட்டு, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக வாசிக்கப்படுகிறது. மறைக்க வேண்டிய வெட்கமாகப் பவுல் அதை நினைக்கவில்லை.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மொந்தே கசினோ மலையில் துறவு மடம் நடத்திய புனித பெனடிக்டை, நம் முன்னோர் ஆசீர்வாதப்பர் என்பார்கள். கண்டிப்பானவர். அவர் எழுதிய ஒழுங்குநூலின் 39ஆம் பகுதி சாப்பாட்டின் அளவைப் பற்றியது. அதில் அவர் அன்றாடச் சாப்பாட்டுக்குச் சமைத்த உணவு இரண்டு வகை இருக்க வேண்டும் என்கிறார். ஆடம்பரத்துக்காக இல்லை. ஒவ்வொருவரின் பலவீனம் ஒவ்வொரு விதம். ஒன்று உண்ண முடியாதவர் மற்றொன்றை உண்ணட்டும் என்பதற்காக. யாருக்கு என்ன நோய் என்று அவர் விசாரிக்கச் சொல்லவில்லை. முடியாதவர் எழுந்து நின்று கேட்கவும் வேண்டாம். இரண்டாவது உணவு முன்கூட்டியே மேசையில் இருக்கிறது. அதே நூலின் 34ஆம் பகுதியில், குறைவாகத் தேவைப்படுகிறவர் கடவுளுக்கு நன்றி சொல்லட்டும், கூடுதலாகத் தேவைப்படுகிறவர் தம் பலவீனத்தை எண்ணித் தாழ்மையோடு இருக்கட்டும், எல்லாரும் அமைதியாக இருப்பார்கள் என்கிறார். முணுமுணுப்புதான் ஒரு குடும்பத்தை அரித்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். நற்கருணை அப்பம் தூய கோதுமையால் ஆனதாக இருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 924. அரிசியிலோ தினையிலோ செய்ய வழியில்லை. ஆண்டவர் நமக்கு விட்டுச்சென்றதை மாற்ற நமக்கு உரிமை இல்லை. அதற்காக இந்தப் பிள்ளைகளைத் திருச்சபை கைவிட்டுவிடவில்லை. பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஆன கர்தினால் இராட்சிங்கர், 2003இல் ஒரு மடல் எழுதினார். குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது. மிகக் குறைவாக உள்ளது செல்லும். ஆயர் அதற்கு அனுமதி கொடுக்கலாம் என்றார். 2017இல் உரோமையிலிருந்து வந்த சுற்றுமடலும் அதை உறுதிப்படுத்தியது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில், கிளைட் என்ற சிற்றூரில் உள்ள பெனடிக்ட் சபைச் சகோதரிகள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று, கோதுமை மாச்சத்தும் தண்ணீரும் மட்டும் சேர்த்து, 0.01 விழுக்காடு குளூட்டன் உள்ள அப்பத்தைச் செய்து முடித்தார்கள். யாரோ ஒருவர் நற்கருணை வாங்க முடியாமல் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கிறார் என்பதற்காக, அடுப்படியில் நின்று மாவோடு இரண்டு ஆண்டுகள்! இதை நான் செபம் என்றே சொல்வேன்.

அதுவும் ஒத்துக்கொள்ளாதவர் திரு இரத்தத்தை மட்டும் அருந்தலாம். அப்பத்தில் மட்டும் வாங்கினாலும், இரசத்தில் மட்டும் வாங்கினாலும், முழுக் கிறிஸ்துவையே வாங்குகிறோம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். திருப்பலியில் குரு அப்பத்தைப் பிட்டு, ஒரு துகளைத் தம் கிண்ணத்துக்குள் இடுகிறார். ஆகவே இவர்களுக்குத் தனிக் கிண்ணம் வைத்தே ஒப்புக்கொடுக்க வேண்டும். ஓஸ்தி எடுத்துக் கொடுத்த அதே விரல்களும் இவர்கள் அப்பத்தைத் தொடக்கூடாது.

மே மாதம் அந்தப் பையன் புதுநன்மை வாங்கினான். வரிசையில் நண்பர்களோடுதான் நின்றான். தனிச் சிமிழில் இருந்து அவனுக்குக் கொடுத்தோம்.

இந்த நோயோடு வாழ்கிறவர்களிடம் நான் கண்டு வியந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எதைச் சாப்பிடக்கூடாது என்ற பட்டியலோடு அவர்கள் முடங்கிவிடுவதில்லை. கையும் மனமும் புதிதாக வேலை செய்யத் தொடங்குகின்றன. நம் பாடகர் குழுவில் ஒரு பெண்ணுக்கு இதே நோய். கிறிஸ்துமஸ் கல்கல் இல்லாமல் எப்படி என்று, அரிசி மாவிலேயே செய்து பார்த்தார். குளூட்டன் இல்லாத மாவுக்கு இழுவை கிடையாது; சீப்பின் மேல் வைத்து உருட்டும்போதே பிளந்துவிட்டது. கொழுக்கட்டைக்குப் பிசைவதுபோல் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, இசப்கோல் உமி ஒரு கரண்டி சேர்த்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்து எடுத்தார். சீப்பின் வரி ஒவ்வொன்றும் அழகாகப் பதிந்தது. இப்போது கருப்பட்டியும் கேழ்வரகும் சேர்த்துக் கேக் செய்கிறார். செய்முறையை எழுதி ஓரத்தில் படமும் வரைந்து வைத்திருக்கிறார். நம் அன்பியத்துப் பெண்கள் அதைக் கேட்டு வாங்கிப்போகிறார்கள்.

பிள்ளைகள் திருவிழாத் தோரணம் ஒட்டும்போதும் இதே கதை. காலம்காலமாக மைதாப் பசைதான் காய்ச்சுகிறோம். தொட்டால் கெடுதல் இல்லை. ஆனால் விரலை வாயில் வைக்காத பிள்ளை உண்டா? அந்தப் பையனைப் பசைப் பக்கம் வராதே என்று ஓரத்தில் உட்கார வைத்தார்கள். உபதேசியார் அதைப் பார்த்துவிட்டு, மரவள்ளிக்கிழங்கு மாவைக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தார். பசை நன்றாகவே ஒட்டுகிறது. இந்த ஆண்டு கொடிமரத்திலிருந்து கோயில் வாசல் வரைக்கும் தொங்கப்போகிற தோரணத்தில் அவன் ஒட்டிய தாளும் இருக்கும்.

இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுல் கொரிந்து மக்களுக்குச் சமநிலையைப் பற்றி எழுதுகிறார். அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் சான்று மன்னா. பாலைவனத்தில் மிகுதியாகச் சேர்த்தவருக்கு மிஞ்சவில்லை, குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவில்லை. அவரவர் உண்ணும் அளவுக்கு அவரவருக்குக் கிடைத்தது. எல்லாருக்கும் ஒரே கரண்டி அளந்து ஊற்றுவதை அவர் சமநிலை என்று சொல்லவில்லை. எழுந்து போகும்போது யாரும் பசியோடு போகாத பந்தி அது.

பங்குப் பேரவையில் பேசி முடிவு செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அசனத்தில் இரண்டு காரியங்களுக்கு இன்னொரு பானையே தேவைப்படவில்லை. முதல் பானையை மாற்றினாலே போதும். சேமியாப் பாயசத்துக்குப் பதில், தேங்காய்ப்பால் ஊற்றிய பாசிப்பருப்புப் பாயசம். கோதுமை சேராதவரும் பால் சேராதவரும் நம் எல்லாரோடும் சேர்ந்து அதைக் குடிக்கலாம். ரசத்துக்குப் பெருங்காயம் போடாமல் பூண்டு கூடுதலாகத் தட்டிப்போடச் சமையல்காரரிடம் சொல்லியிருக்கிறோம். சாம்பாருக்கும் கறிக் குழம்புக்கும் மட்டும் தனிப் பானை. வீட்டில் அரைத்த மசாலா, தனிக் கரண்டி, அதிகாலையில் மற்ற மாவு எதையும் பிரிக்கும் முன்பே சமைத்து மூடி வைத்துவிடுவது. அந்தப் பொறுப்பைப் புனித அன்னம்மாள் அன்பியத்தார் ஏற்றிருக்கிறார்கள். சாப்பாடு தனி மூலையில் இல்லை. அதே பந்தியில், அவரவர் குடும்பத்தோடு.

யாருக்கு என்ன சேராது என்பதை அடுத்த ஞாயிறுக்குள் உபதேசியாரிடம் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியல் எங்கும் ஒட்டப்படாது. நற்கருணைக்கு ஏற்பாடு வேண்டியவர்கள் திருப்பலிக்கு முன் சக்கிறிஸ்தியில் என்னைப் பாருங்கள். இத்தனை காலம் சொல்லத் தயங்கிப் பின்னால் நின்றவர்கள், இனியாவது முன்னால் வந்து சொல்லுங்கள். கூட்டத்தில் தன்னைத் தொட்டது யார் என்று ஆண்டவர் சுற்றிலும் திரும்பிப் பார்த்தார். நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து உண்மையெல்லாம் சொன்ன அந்தப் பெண்ணை, மகளே என்று அழைத்தார்.

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.