'ஹேப்பி'க்கு உரிய ஸ்பானியப் பெயரடை: மகிழ்ச்சியைச் சொல்லும் உரிமை யாருக்கு?

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் 'ஹேப்பி' என்னும் பெயரடையை ஸ்பானிய மொழிக்குக் கொண்டுசெல்ல முயல்பவர், அந்த ஒரு சொல்லுக்கு ஈடாக அலெக்ரே, கொந்தெந்தோ, ஃபெலிஸ், திச்சோசோ, பியனவெந்துராதோ என்று ஐந்து பெயரடைகளேனும் இருப்பதைக் காண்கிறார். விளையாட்டில் திளைக்கும் குழந்தை, செய்த வேலையில் குறை காணாத தச்சர், நல்ல மணவாழ்வு வாய்த்த முதியவர், நீதிக்காகத் துன்புற்றும் நம்பிக்கை குன்றாத அடியவர் ஆகிய நால்வரையும் ஆங்கிலம் அந்த ஒரே சொல்லால் குறித்திருக்கிறது. ஸ்பானியமோ பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் வேறொரு சொல்லை நாடுகிறது. இதை அகராதிச் சிக்கலாக மட்டும் கருதினால், சூழலுக்கு ஏற்ற சொல்லைத் தேர்க என்னும் விதியோடு ஆய்வு முடிந்துவிடும். ஆனால் இத்தேர்வின் அடியில், கிரேக்கர் காலம் முதல் மேலைத் தத்துவமும் சமயமும் விடாமல் எழுப்பிவரும் கேள்வி ஒன்று கிடக்கிறது: ஒருவருடைய வாழ்வு மகிழ்ச்சியானது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு, அதை எப்போது சொல்லலாம்? இந்த ஐந்து சொற்களும் மகிழ்ச்சியின் அளவால் வேறுபடுவதைக் காட்டிலும் இக்கேள்விக்கு அவை தரும் விடையாலேயே வேறுபடுகின்றன.

பெயரடைக்கு முன் வினைச்சொல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 'இருத்தல்' என்னும் பொருளுக்கு ஸ்பானியத்தில் செர், எஸ்தார் என்று இரண்டு வினைகள் உண்டு. ஒருவர் இத்தகையவர் என்று வகைப்படுத்தும்போது செர் வருகிறது. அவர் இப்போது இந்நிலையில் உள்ளார் என்று கூறும்போது எஸ்தார் வருகிறது. முன்னது நிலையானது, பின்னது தற்காலிகமானது என்று தொடக்கப் பாடங்களில் சொல்லப்படும் விளக்கம் முழுமையானதன்று. இறந்தவரைக் குறிக்கவும் எஸ்தாரே பயன்படுகிறது, இறப்போ மீளாத நிலை. ஆகவே, ஒருவர் என்ன தன்மையர் என்பதைச் செர் கூறுகிறது என்றும், அவர் எந்நிலையை அடைந்துள்ளார் என்பதை எஸ்தார் கூறுகிறது என்றும் கொள்வதே பொருந்தும். ஆங்கிலத்தின் ஒற்றை வினை இவ்விரண்டையும் பிரிப்பதில்லை.

ஐந்தில் எளிமையானது அலெக்ரே. சுறுசுறுப்பு, ஊக்கம் என்னும் பொருள்களைக் கொண்ட 'அலாக்கெர்' என்ற இலத்தீன் சொல்லின் வழியில் வந்த இது, செர் வினையோடு சேரும்போது கலகலப்பான இயல்பினரையும், எஸ்தாரோடு சேரும்போது இந்நேரத்தில் களித்திருப்பவரையும், பேச்சு வழக்கில் சற்றே மது அருந்தியவரையும்கூடக் குறிக்கும். இசையும் நிறமும் வீடும் தெருவும் அலெக்ரே எனப்படலாம். காரணம், இது முகத்திலும் குரலிலும் அசைவிலும் வெளிப்படுகின்ற தன்மை. எனவே இதைச் சொல்லும் உரிமை பார்க்கின்ற எவருக்கும் உண்டு.

கொந்தெந்தோ இதற்கு நேர் எதிரான இடத்தில் நிற்கிறது. 'உள்ளடக்கு' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் எச்சத்திலிருந்து பிறந்த இச்சொல், தன் எல்லைக்குள் அடங்கி, அதற்கு மேல் நாடாத மனத்தைக் குறிக்கிறது. தமிழில் மனநிறைவு என்பது இதற்கு நெருக்கமானது. இது பெரும்பாலும் எஸ்தாருடனேயே வருகிறது. ஒருவருடைய விருப்பம் நிறைவேறியதா என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே ஆகையால், இங்கு இறுதிச் சாட்சி அவர்தாம். தாம் நிறைவாக இல்லை என்று அவர் கூறினால் வேறு எவரும் அதை மறுக்க இயலாது.

இந்தச் சொல்லின் ஆழத்தையும் அபாயத்தையும் ஒருசேரக் காட்டிய படைப்பு, மிகெல் தே உனாமுனோ 1931இல் வெளியிட்ட 'சான் மனுவேல் புவேனோ, மார்த்திர்' என்னும் குறுநாவல். மறுவாழ்வில் நம்பிக்கை இழந்த ஒரு பங்குக் குருவானவர், அந்த இழப்பைத் தம் ஊர் மக்களுக்குத் தெரியாமல் மறைத்து, அவர்களை ஆறுதலான நம்பிக்கையில் வைத்திருக்க வாழ்நாள் முழுதும் உழைக்கிறார். மக்கள் வாழ்வில் நிறைவோடு இருப்பதே முதன்மையானது என்பது அவருடைய கொள்கை. அதைச் சொல்ல ஃபெலிஸ் என்பதை நாடாமல் கொந்தெந்தோ என்னும் சொல்லையே உனாமுனோ அவர் வாயில் வைக்கிறார். உண்மையை அறியாத நிறைவு நிறைவாகுமா என்னும் கேள்வி அந்தப் பெயரடைத் தேர்விலேயே அடங்கியிருக்கிறது. மக்கள் தங்கள் நிறைவைத் தாங்களே உணர்கின்றனர் என்பது மெய். ஆனால் அது எதன் மேல் நிற்கிறது என்பதை அறியும் வாய்ப்பை அவர்களுக்காக வேறொருவர் மூடிவிட்டார். இதை ஆங்கிலத்தில் வெறும் 'ஹேப்பி' என்று பெயர்த்தால், மக்களுடைய வாழ்வு முழுவதையும் நல்வாழ்வு என்று குருவானவர் மதிப்பிட்டதாகப் பொருள்பட்டுவிடும். அவரோ அத்தகைய வாழ்வு சாத்தியமா என்பதிலேயே ஐயுற்றவர்.

மூன்றாவதான ஃபெலிஸ், விளைச்சல் மிகுந்தது, நற்பேறு வாய்ந்தது என்னும் பொருள்களையுடைய 'ஃபேலிக்ஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காய்த்துப் பயன் தரும் மரத்தைக் குறித்த சொல் மனித வாழ்வைக் குறிக்கத் தொடங்கியபோது, கனி எது என்று கேட்காமல் அச்சொல்லைப் பயன்படுத்த முடியாத நிலை உண்டானது. இன்றைய ஸ்பானியத்தில் இது இரு வினைகளோடும் வருகிறது: எஸ்தாரோடு வந்தால் இப்போதைய உவகை, செர்ருடன் வந்தால் வாழ்வைப் பற்றிய மதிப்பீடு. பின்னது அரிஸ்டாட்டில் 'யூதைமோனியா' என்றழைத்த நல்வாழ்வுக்கு அண்மையது. அவருடைய 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் முதல் பகுதி, நல்வாழ்வை ஓர் உணர்ச்சியாகக் கொள்ளாமல், அறத்திறனுக்கு ஏற்ப ஆன்மா ஆற்றும் செயலாகவும், முழுமை பெற்ற வாழ்நாளை வேண்டுவதாகவும் வரையறுக்கிறது. எரோதோத்தசின் வரலாற்றில், தம் செல்வத்தைக் காட்டி உலகில் யார் பேறுபெற்றவர் என்று கேட்கும் லிதிய மன்னர் குரோய்சசிடம், முடிவைக் காணும்வரை ஒருவரை நற்காலம் உடையவர் எனலாமே ஒழியப் பேறுபெற்றவர் எனலாகாது என்று ஏதென்சின் சோலோன் உரைப்பதும் இதே வரிசையில் அடங்கும். இத்தகைய மகிழ்ச்சியைச் சொல்லத் தன்னுணர்வு மட்டும் போதாது. வாழ்வு முழுவதையும் நோக்கும் நடுநிலையான பார்வை வேண்டும். 1812ஆம் ஆண்டின் காதிஸ் அரசியலமைப்பு, அரசின் நோக்கம் நாட்டின் 'ஃபெலிசிதாத்' என்று தன் 13ஆம் பிரிவில் அறிவித்தபோது குடிமக்களின் களிப்பை அது குறிக்கவில்லை. நன்கு அமைந்த பொதுவாழ்வையே குறித்தது.

திச்சோசோவிடம் வரும்போது கேள்வியின் திசையே மாறுகிறது. இதன் அடியான 'திச்சா', 'சொல்லப்பட்டவை' என்னும் பொருள் தரும் 'திக்தா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஒருவர்க்கு விதிக்கப்பட்டது, அதிலும் நல்லதாக விதிக்கப்பட்டது, என்பது அதன் உட்கிடை. ஆங்கிலச் சொல்லின் அடியான 'ஹாப்' தற்செயலைக் குறிப்பது. இரண்டும் மகிழ்ச்சியை மனிதரின் கைக்கு வெளியே வைக்கின்றன என்றாலும், தற்செயலுக்குப் பேசும் வாய் கிடையாது. சொல்லப்பட்டதற்கோ சொன்னவர் ஒருவர் வேண்டும்.

இந்த வேறுபாடு சமயப் பொருள் பெறும் இடம் சிலுவை யோவானின் எழுத்து. கார்மேல் சபைச் சீர்திருத்தத்தில் ஈடுபட்டமைக்காக 1577 டிசம்பரில் தம் சபையைச் சேர்ந்தவர்களாலேயே பிடிக்கப்பட்டு, தொலேதோ நகரில் சிறைவைக்கப்பட்டு, 1578 ஆகஸ்டில் தப்பிய அவர், 'இருண்ட இரவு' என்று அறியப்படும் கவிதையில் அந்த இரவுக்கே இப்பெயரடையைச் சூட்டினார். ஆன்மா ஆறுதல்கள் அனைத்தையும் இழந்து, எதையும் காணாமல் கடக்கும் அந்த இரவு, களிப்புடையதும் ஆகாது, நிறைவுடையதும் ஆகாது. அதன் உள்ளே இருப்பவர்க்கு அது வேதனை என்று அவருடைய உரைநடை விளக்கமே விரிவாகக் கூறுகிறது. ஆயினும் அது திச்சோசோ. ஏனெனில் அதன் வழியே இறைவனோடு ஒன்றும் நிலை அருளப்படுகிறது. கடந்து வந்தவர் மட்டுமே திரும்பி நோக்கிச் சொல்லக்கூடிய சொல் இது. ஆங்கிலத்தில் 'ஹேப்பி' என்று இவ்விரவை அழைத்தால் வேதனை மறைகிறது. 'நல்வாய்ப்பான' என்னும் பொருளுடைய சொல்லால் அழைத்தால் அருளியவர் மறைகிறார்.

ஐந்தாவதான பியனவெந்துராதோ, 'நன்மை' என்பதையும் 'வரவிருப்பவை' என்னும் பொருளுள்ள இலத்தீன் அடியையும் கொண்ட கூட்டுச்சொல். எதிர்காலம் அதன் உறுப்பாகவே இருக்கிறது. இயேசுவின் மலைப்பொழிவில் வறியோரையும் துயருறுவோரையும் நோக்கிக் கூறப்படும் சொல் கிரேக்கத்தில் 'மகாரியோஸ்'. எபிரேய வேதத்தின் 'அஷ்ரே' என்பதற்குப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு வழங்கிய ஈடும் இதுவே. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் மத்தேயுவில் இதற்கு 'ஆசிபெற்ற' என்னும் பொருளுடைய சொல்லைத் தந்து, பேதுருவின் முதல் திருமுகத்தில் நீதிக்காகத் துன்புறுவோரைக் குறிக்கும் இடத்தில் 'ஹேப்பி' என்றது. காசியோதோரோ தே ரெய்னா 1569இல் பாசெல் நகரில் வெளியிட்ட மொழிபெயர்ப்பிலிருந்து வளர்ந்த ஸ்பானிய மரபோ, ஆசிபெற்றவரைக் குறிக்க 'பெந்தித்தோ' என்னும் தனிச்சொல்லை வைத்துக்கொண்டு, இவ்விடங்களில் பியனவெந்துராதோவையே பேணியது. இதே சிக்கலைத் தமிழ் விவிலியமும் எதிர்கொண்டது: சீர்திருத்தச் சபைகளின் மொழிபெயர்ப்பு 'பாக்கியவான்கள்' என்று பங்கிட்டு அளிக்கப்பட்டதன் பொருள் தோன்றவும், கத்தோலிக்கர் பயிலும் பொது மொழிபெயர்ப்பு 'பேறுபெற்றோர்' என்று பெறுதலின் பொருள் தோன்றவும் கூறின. இரண்டுமே மகிழ்ச்சியை உணர்வாகக் கருதாமல் கொடையாகக் கருதுகின்றன. தாமசு அக்குவினாஸ், முழுமையான பேரின்பம் இறைவனை நேர்காணும் காட்சியில் மட்டுமே உண்டு என்றும், இவ்வாழ்வில் அதன் ஒரு பங்கே கிட்டும் என்றும் பிரித்ததைச் சலமான்காவின் இறையியலாளர் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தனர். அந்நெறியில், தன்னைப் பியனவெந்துராதோ என்று தானே அறிவித்துக்கொள்பவர் தமக்குரியதல்லாத தீர்ப்பைக் கையிலெடுக்கிறார்.

இவ்வகைப்பாட்டிற்கு எதிராக இரண்டு தடைகள் எழலாம். ஆங்கிலத்திலும் நிறைவு, களிப்பு, ஆசி ஆகியவற்றுக்குத் தனிச்சொற்கள் உள்ளன என்பது முதலாவது. அது சரியே, சொற்கள் பல இருப்பதால் ஒரு மக்கள் கூட்டம் ஆழ்ந்து உணர்கிறது என்றோ, குறைவாக இருப்பதால் உணர்வதில்லை என்றோ முடிவுகட்ட இடமில்லை. இங்கு கருதப்படுவது, அன்றாடச் சொல் எல்லாவற்றையும் தனக்குள் வாங்கிக்கொள்ளும்போது எந்தக் கேள்வி கேட்கப்படாமல் போகிறது என்பதே. ஸ்பானியர்களும் அன்றாடப் பேச்சில் ஃபெலிஸைத் தாராளமாக வழங்குகின்றனர், எரிச்சலூட்டும் பொருளைக்கூடத் திச்சோசோ என்கின்றனர் என்பது இரண்டாவது. வழக்கு எல்லைகளைத் தளர்த்துவது உண்மைதான். ஆயினும் மாறுபாடு தேவைப்படும் இடத்தில் அந்த எல்லை மீண்டும் தெளிவாகிறது. மொழியியலாளர் அன்னா வியர்ஸ்பிட்ஸ்கா, வெவ்வேறு மொழிகளில் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள் ஒரே பொருளன என்று எடுத்துக்கொண்டு நாடுகளின் மகிழ்ச்சியை ஒப்பிடும் ஆய்வுகளை எச்சரித்ததும் இதனாலேயே. நீர் மகிழ்ச்சியாக இருக்கிறீரா என்று கேட்டுப் பெறும் விடை, தன்னிடம் தானே சாட்சி சொல்லும் நிறைவை அளக்கலாம். வாழ்வின் முழுமையையோ அருளப்பட்ட பேற்றையோ அது எட்டுவதில்லை.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முறையும் அறவியல் சார்ந்த முடிவு ஒன்றை எடுக்கிறார். வெளியே தெரிவதைச் சொல்வதா, உள்ளத்தின் சாட்சியை ஏற்பதா, முழு வாழ்வையும் மதிப்பிடுவதா, கொடையை ஒப்புக்கொள்வதா, வாக்குறுதியை அறிவிப்பதா என்பதைத் தீர்மானித்த பின்னரே பெயரடை வாய்க்கிறது. இத்தீர்மானத்தில் நேரும் பிழை நடையழகைக் குலைப்பதோடு நிற்பதில்லை. பசித்தவரைப் பேறுபெற்றவர் என்று அழைத்து, அவருக்கு நிறைவு இருப்பதாகப் பிறர் முடிவுகட்டிவிடும்போது, நம்பிக்கையின் சொல் அநீதிக்குத் திரையாகிறது; லூக்கா நற்செய்தியில் வறியோருக்கான அந்த வாழ்த்தை அடுத்தே செல்வரை நோக்கிய எச்சரிக்கை வருவது, வாழ்த்தை அவ்வாறு பயன்படுத்த இடந்தராது. மறுபுறம், தன்னுணர்வு ஒன்றே அளவுகோல் என்று கொண்டால், துன்பத்தின் நடுவிலும் பொருளுள்ளதாக விளங்கும் வாழ்வுக்குப் பெயரே இல்லாமல் போகும். நிறைவைப் பற்றி அதை உணர்பவரே பேச வேண்டும். பேற்றைப் பற்றி எவரும் தமக்காகவோ, பிறருடைய துயரை மூடி மறைக்கவோ பேசலாகாது. ஐந்து சொற்களையும் அவற்றுக்கு உரியவரிடம் விட்டுவைப்பதே மொழிக்கும் மனிதருக்கும் செய்யும் நேர்மை.