பழுதும் பழமையும்

பழைய பொருளைப் பேணுவது வேறு. பழையதைப் புதியதாக்குவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் குழப்பம், கோட்டை கொத்தளங்களையும் பழம்பெரும் கட்டடங்களையும் செப்பனிடுவோருக்கு மட்டும் உரியதன்று. வீட்டின் பின்புறத்தில் துருவேறி நிற்கும் ஒரு மோட்டார் சைக்கிளைச் சீர்செய்யப் புகுந்தவனும் அதே குழப்பத்தில்தான் சிக்குகிறான். ஸ்பானரைக் கையிலெடுத்த சில நாட்களிலேயே, அறிஞர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக விவாதித்துவரும் வினாவொன்று அவன்முன் வந்து நிற்கிறது: உறுப்புகள் மாறியபின்னும் ஒரு பொருள் அதே பொருளாக இருக்கிறதா?

தென்னிந்தியச் சாலைகள் நன்கறிந்த ஜாவாவையே எடுத்துக்கொள்வோம். செக்கோஸ்லோவாக்கியாவில் யானெச்செக் என்ற தொழிலதிபர், வாண்டரர் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளைச் செய்யும் உரிமையைப் பெற்று 1929இல் தொழில் தொடங்கினார். அவ்விரு பெயர்களின் முதலெழுத்துகள் கூடிப் பிறந்ததே ஜாவா என்னும் பெயர். 1961இல் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை அந்த வண்டியைச் செய்யத் தொடங்கியது. 1973 முதல் அது எஸ்டி என்னும் பெயரைச் சூடிக்கொண்டது. 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2018இல் ஜாவா என்னும் பெயர் இந்தியச் சந்தைக்குத் திரும்பியது. ஆனால் வந்தது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். பெயர் மீண்டது, பழைய பொறி மீளவில்லை. பெயர் ஒன்றாயிருப்பதனால் மட்டும் பொருள் ஒன்றாகிவிடாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்தப் பழைய பொறியின் எளிமை வியப்புக்குரியது. 250 சிசி எனப் பெயர் பெற்ற அதன் சிலிண்டரின் விட்டம் 65 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 75 மில்லிமீட்டர். வால்வு கிடையாது. பிஸ்டனே கதவாக நின்று துளைகளைத் திறந்து மூடும். அது மேலேறும்போது கீழ் அறைக்குள் பெட்ரோல் கலந்த காற்று உறிஞ்சப்படும். கீழிறங்கும்போது அக்காற்று அழுந்தி மேலறைக்குச் செல்லும். தனி எண்ணெய்ப் பம்பு இல்லாமையால், பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். சிலிண்டர் ஒன்று, சைலன்சர் இரண்டு. உதைத்துக் கிளப்பும் லீவரும் கியர் மாற்றும் லீவரும் ஒன்றே. பட்டறை வாசலில் குந்தி உட்கார்ந்து பார்த்த சிறுவனும் இரண்டொரு நாளில் விளங்கிக்கொள்ளக்கூடிய எந்திரம் அது. வீட்டு முற்றத்தில் பிரித்துப் பூட்டலாம் என்ற துணிவு மக்களுக்கு வந்ததும் இதனால்தான்.

ஆயினும் எளிமையானது எல்லாம் இலகுவானதன்று. நெடுநாள் நின்ற வண்டியில், கிராங்கின் இருபுறமும் காற்றைத் தடுத்து நிற்கும் ரப்பர் சீல்கள் காய்ந்து போயிருக்கும். ஒரு சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து எஞ்சினைச் சூடேற்றும். மற்றொன்று கசிந்தால் கியர் பெட்டியின் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு வெண்புகை எழும். புகைபோகும் துளையிலும் சைலன்சரிலும் கரி படிந்து அடைத்திருக்கும். சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்திருக்கும். அதனை லேத்துப் பட்டறைக்கு அனுப்பிப் போர் போட்டு, சற்றே பெரிய பிஸ்டனைப் பொருத்த வேண்டும். இங்கேதான் முதல் உண்மை புலப்படுகிறது. போர் போடும் ஒவ்வொரு முறையும் மைசூரில் வார்த்த இரும்பில் ஒரு சிறு பங்கு தூளாகக் கொட்டிப்போகிறது. சில முறைக்குமேல் அச்சிலிண்டர் தாங்காது. பிறகு அதனுள் புதுக்குழாய் ஒன்றைச் செலுத்த நேரும். அதாவது, பழுது நீக்கும் செயலே பழமையைத் தின்கிறது. காப்பாற்றுவதற்குச் செலுத்தும் விலை, காப்பாற்றப்படும் பொருளிலிருந்தே எடுக்கப்படுகிறது.

கிரேக்க வீரன் தீஸியஸின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் எழுதிய செய்தி அன்பர்கள் பலரும் அறிந்ததே. உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி ஏதென்ஸ் மக்கள் அக்கப்பலைப் பேணினர். அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் வாதிட்டனர். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் ஹாப்ஸ் இச்சிக்கலுக்கு இன்னொரு முடிச்சைப் போட்டார்: கழற்றி எறிந்த பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் பூட்டி மற்றொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீஸியஸின் கப்பல்?

பழைய வண்டிகளின் உலகில் இது கற்பனையன்று. ஒரு வண்டியின் சேஸிஸ், மற்றொன்றின் எஞ்சின், மூன்றாவதன் டேங்க் என்று கூடிய வண்டிகள் எத்தனையோ ஓடுகின்றன. சட்டம் இதற்குத் தன் வழியில் விடை சொல்ல முயன்றிருக்கிறது. 2021இல் இந்திய அரசு வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியைப் பழம்பெரும் வண்டியாகத் தனி வரிசையில் பதிவு செய்யலாம்; ஆனால் அதன் சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது. சட்டத்துக்கு எங்கேனும் ஓர் எல்லைக்கோடு வேண்டும், அது போட்டுக்கொண்டது. ஆனால் தந்தை ஓட்டிய வண்டியை மகன் சீர்செய்யும்போது அவன் உள்ளத்தில் எழும் வினா, எண் பொறித்த இரும்புத் துண்டோடு அடங்குவதன்று.

ஒரு மரம் நாற்றாய் நின்ற நாளுக்கும் முதிர்ந்த நாளுக்கும் இடையில் அதன் பொருள் பெரிதும் மாறிவிடுகிறது. ஆயினும் ஒரே உயிரோட்டம் தொடர்வதால் அதே மரம் என்கிறோம் என்று ஜான் லாக் விளக்கினார். எந்திரத்துக்கு உயிரில்லை. எனினும், அதனைப் பேணிய கைகளின் தொடர்ச்சி ஒன்று உண்டு. டேங்கின் இருபுறமும் முழங்கால் உராய்ந்து மங்கிய வண்ணம், மட்கார்டில் என்றோ விழுந்த நெளிவு, கைப்பிடி ரப்பரின் தேய்மானம் ஆகியவை ஒரு மனிதனின் நாட்கள் அவ்வண்டியில் எழுதிச்சென்ற வரிகள். பிஸ்டனை மாற்றினால் இத்தொடர்ச்சி அறாது. பிஸ்டன் தேய்வதற்காகவே செய்யப்பட்டது. ஆனால், கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்ற ஆசையால் எல்லாவற்றையும் சுரண்டி, புதுக் குரோமியமும் புதுச் சாயமும் பூசி நிறுத்தினால், உறுப்புகள் பல பழையனவாகவே இருந்தும் அந்த மனிதன் அவ்வண்டியைவிட்டு வெளியேறிவிடுகிறான். கண்காட்சிக்கு ஒரு வண்டி கிடைத்தது. வீட்டுக்கு ஒரு நினைவு தொலைந்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. துருவையும் கீறலையும் போற்றுவது சோம்பலுக்குச் சூட்டிய அழகிய பெயர் அல்லவா என்று கேட்கலாம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. டேங்கின் உட்புறத் துரு கார்புரேட்டரை அடைக்கும். அதனை நினைவுச்சின்னம் என்று விட்டுவைப்பது மடமை. பிரேக்கின் தேய்மானத்தைப் போற்றுபவன் உயிரோடு விளையாடுகிறான். ஆதலின் வேறுபாடு இதுதான்: கெடுக்கின்ற பழுதை நீக்குவது கடமை, கெடுதல் செய்யாத வடுவை அழிக்குமுன் இருமுறை எண்ணுவது பண்பு. எது பழுது, எது வடு என்று தெரிந்துகொள்வதே இக்கலையின் பெரும்பகுதி. அதை எந்தப் பட்டறையிலும் விலைக்கு வாங்க முடியாது. பிரித்துப் பார்த்துப் பொறுமையாகக் கற்க வேண்டும்.

அடுத்தது வாய்மை. வரலாற்றுச் சின்னங்களைப் பேணுவதற்காக 1964இல் வெனிஸ் நகரில் வகுக்கப்பட்ட நெறிமுறை இரு செய்திகளை வற்புறுத்துகிறது. புதிதாகச் சேர்த்த பகுதி பழையதோடு இசைந்து நிற்க வேண்டும். ஆயினும் அது புதியது என்று அடையாளம் காணத்தக்கதாகவும் இருக்க வேண்டும். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும். மாளிகைகளுக்குச் சொன்ன இந்நெறி மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். மாற்றிய உறுப்புகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பதும், கழற்றிய பழையவற்றை ஒரு பெட்டியில் போட்டுவைப்பதும் சிறு செயல்கள். ஆனால் நாளை அவ்வண்டியை வாங்குபவனுக்கோ, அதனைப் பெறப்போகும் பேரனுக்கோ அவை நாம் செலுத்தும் நேர்மைக் கடன். நேற்று வாங்கிய உறுப்பைக் காட்டி, இது மைசூரிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று சொல்லி விலை ஏற்றுவது, பாலில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சற்றும் குறைந்த குற்றமன்று. எண்ணைச் சுரண்டி வேறெண் பொறிப்பதோ பச்சை மோசடி.

இறுதியாக, இவ்வின்பத்தில் பங்கில்லாமல் அதன் துன்பத்தில் மட்டும் பங்குபெறும் ஒருவரைப் பற்றியும் பேசியாக வேண்டும். அவர்தாம் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் புதிய கலவை உள்ளே வரும் வேளையில் புகைத்துளையும் திறந்தே இருக்கிறது. அதனால் எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு வெளியே போய்விடுகிறது. கலந்த எண்ணெயும் புகையாகிறது. 2000ஆம் ஆண்டு முதல் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் இவ்வகை மோட்டார் சைக்கிள்கள் விற்பனையிலிருந்து மறைந்ததும் இக்குறையால்தான். ஒருவனுக்கு இளமை நினைவாக மணக்கும் நீலப்புகை, அடுத்த வீட்டில் இளைப்பால் வருந்தும் முதியவருக்கு நஞ்சு. என் பொருள், என் உழைப்பு, என் விருப்பம் என்ற வாதம் வீட்டு மதிற்சுவர்வரைதான் செல்லும். புகை மதிலைத் தாண்டும். சீல்களைச் செப்பமாக மாற்றி, எண்ணெயை அளந்து கலந்து, தேவையின்றி உறுமவிடாமல், எப்போதாவது மட்டும் ஓட்டுபவன் அக்குறையை முற்றும் போக்காவிட்டாலும் குறைக்கிறான். பேணுதல் என்பது தினமும் பயன்படுத்தும் உரிமையைத் தருவதில்லை என்பதையும் அவன் ஏற்றுக்கொள்கிறான்.

அப்படியானால் அந்த மகன் சீர்செய்து முடித்தது அதே வண்டிதானா? அணுவை எண்ணிப் பார்ப்பவர் இல்லை என்பார். எண்ணைப் படித்துப் பார்க்கும் அதிகாரி ஆம் என்பார். நம் விடை, அவன் அதனை எவ்விதம் நடத்தினான் என்பதைப் பொறுத்தது. காலத்தைத் துடைத்துவிட்டுத் தன் பெருமையைப் பூசியிருந்தால் அது அவன் செய்த புதுவண்டி. கெட்டதை மாற்றி, மாற்றியதை மறைக்காமல், தனக்கு முன்னிருந்தவரின் தடங்களையும் தனக்கு அடுத்திருப்பவரின் மூச்சையும் மதித்திருந்தால், அது அவன் தந்தையின் வண்டியேதான். பொருள்களுக்கு நாம் நிலையான உடைமையாளர்கள் அல்லர். சில காலம் அவை நம்மிடம் அமானிதமாக இருக்கின்றன. வாங்கிக்கொண்டபோது இருந்த உண்மை குறையாமல் அடுத்தவர் கையில் ஒப்படைப்பதே சீர்செய்தல் என்பதன் முழுப்பொருள்.