மறைவு யாருக்கு உரியது?

2024-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், ஆஸ்திரேலிய நாட்டின் மெல்பேர்ன் நகரில் வாழும் நம் தங்கை மகள் நீண்டதொரு மடல் விடுத்திருந்தாள். அந்நகரின் மாமன்றத்துக்கும் மேயர் பதவிக்கும் அப்போது தேர்தல். வாக்குச்சாவடி என்று ஒன்று எங்குமே இல்லை. வாக்காளர் ஒவ்வொருவர் பெயருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வீடு தேடி வந்துவிட்டதாம். "பெரியம்மா, எங்கள் வீட்டில் நான்கு வாக்குகள். இரவு உணவு முடிந்ததும் உறைகளை மேசைமீது பரப்பினோம். இவரே நான்கிலும் எண்களை எழுதிவிட்டார். நானும் அத்தையும் பையனும் கையொப்பம் மட்டும் இட்டோம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது" என்று மகிழ்ச்சியோடு எழுதியிருந்தாள்.

அவள் நம்மிடம் நீதி கேட்கவில்லை. அங்கே எவரும் எவரையும் வற்புறுத்தவுமில்லை. ஆயினும் அம்மடலை மடித்து வைத்த பிறகும் நம் மனம் அமைதி கொள்ளவில்லை. கட்டாயம் சிறிதும் இல்லாத இடத்தில், அன்பு மிகுந்த ஒரு குடும்பத்தில், வாக்கின் மறைவு குலைந்தால் அதில் குற்றம் உண்டா?

முதலில் அந்த ஏற்பாட்டைச் சற்று விளக்குதல் நன்று. நம் மாநிலத்தில் 2022 மார்ச் 4 அன்று 21 மாநகராட்சிகளின் மேயர்களை மாமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். நம் தருமபுரி நகராட்சியாதலால் இங்கு மேயர் இல்லை, நகர்மன்றத் தலைவரே உண்டு. மெல்பேர்னிலோ மேயரையும் துணை மேயரையும் வாக்காளரே நேராகத் தேர்கின்றனர். உறுப்பினர்களுக்குத் தனிச் சீட்டு. விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என எண் இட்டு, சீட்டை உறையிலிட்டு, உறையின் மடிப்பில் கையொப்பமிட்டு அனுப்புதல் வேண்டும். எண்ணும் இடத்தில் கையொப்பமுள்ள மடிப்பைக் கிழித்து அகற்றிய பின்னரே உறையைப் பிரிப்பர். ஆகவே எவர் எவருக்கு வாக்களித்தார் என்பதை அரசு அறிய வழியில்லை. ஆனால் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் அறிவார்கள்.

இதில் ஒரு விந்தை உண்டு. அரசே அச்சிட்ட சீட்டில், பிறர் காணாத தடுப்புக்குள் நின்று வாக்களிக்கும் முறையை 1856-இல் சட்டமாக்கி உலகுக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று, மெல்பேர்னைத் தலைநகராகக் கொண்ட இதே விக்டோரியா மாநிலம்தான். அதனாலேயே அம்முறைக்கு ஆஸ்திரேலிய வாக்குமுறை என்ற பெயர் பிற நாடுகளில் நெடுங்காலம் வழங்கியது. இங்கிலாந்தில் 1872 வரை வாக்காளர் அனைவர் முன்னிலையிலும் தம் வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. நிலக்கிழாரும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். அந்தத் தடுப்பை உலகுக்கு ஈந்த மண்ணே இன்று அதை நீக்கி, சீட்டைச் சாப்பாட்டு மேசைக்கு அனுப்பி வைக்கிறது. (நம் உத்திரமேரூர்க் குடவோலையை இதனோடு ஒப்பிடுவோர் உளர். அது குடத்திலிருந்து ஓலை எடுக்கும் திருவுளச்சீட்டு. மறைவாக வாக்களிக்கும் முறையன்று.)

தடுப்பின் அருமையை நாம் நூலில் படித்து அறியவில்லை. ஆசிரியப் பணியில் இருந்தமையால் பல தேர்தல்களில் சாவடிப் பணி நமக்கு வாய்த்தது. பென்னாகரம் பக்கத்து மலைச் சிற்றூர் ஒன்றில், ஒருவர் தம் மனைவியுடன் தடுப்புக்குள் நுழைய முற்பட்டார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க டீச்சர்" என்றார். விதியை எடுத்துச் சொல்லி அவரை வெளியே நிறுத்தினோம். அப்பெண் அட்டைத் தடுப்பின் பின்னே வெகுநேரம் நின்றாள். முத்திரை குத்த அத்துணை நேரம் வேண்டியதில்லை. வெளியே வந்தபோது அவள் முகத்தில் அச்சமும் இல்லை, குழப்பமும் இல்லை. எவரும் உடன் வரலாகாத ஓர் இடத்தில் நிற்பது அவளுக்குப் புதுமையாக இருந்திருக்கலாம் என்று அன்று எண்ணினோம். இன்றும் அவ்வாறே எண்ணுகிறோம்.

அப்பெண்ணுக்காக விதி பேசிய நாமே செய்த பிழை ஒன்றை இங்குச் சொல்லாமல் விடுதல் முறையன்று.

தேர்தல் பணியில் இருப்போருக்குத் தபால் வாக்கு உண்டு என்பதை அறிவீர்கள். 1996 சட்டமன்றத் தேர்தலின்போது நம் பள்ளியின் ஆசிரியர் அறையில் எண்மர் அமர்ந்து தபால் வாக்குச்சீட்டில் குறியிட்டோம். ஊதியம், ஓய்வூதியம் பற்றிய பேச்சு அன்று சூடாக இருந்த காலம். ஒவ்வொருவரும் குறியிட்டு, சீட்டைப் பிறருக்குக் காட்டிச் சிரித்தோம். அவ்வாண்டு பணியில் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருத்தி மட்டும் சற்றே திரும்பி, கையால் சீட்டை மறைத்தாள். அங்கிருந்தோரில் மூத்தவர் நாம். "மறைப்பதற்கு என்னம்மா இருக்கிறது? நாமெல்லாம் ஒரு குடும்பம்தானே!" என்றோம். அனைவரும் நகைத்தனர். அவள் கையை எடுத்தாள். சீட்டில் இன்னும் குறி இடப்படவில்லை. எல்லோரும் பார்க்க, எல்லோரும் இட்ட இடத்திலேயே அவளும் இட்டாள்.

நாம் மிரட்டவில்லை, பணம் கொடுக்கவில்லை. ஆயினும் ஒரு வாக்கைப் பறித்துக்கொண்டோம்.

ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கில அறிஞர் 1861-இல் வெளியிட்ட நூலில் மறைவான வாக்கை எதிர்த்தார். வாக்கு என்பது சொந்தச் சொத்தன்று, பொது நலனுக்காக ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. ஆகவே பிறர் கண்ணெதிரே செலுத்துவதே முறை என்பது அவர் கருத்து. பொறுப்பு என்றாரே, அதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவர் சென்ற முடிவு வேறு, நாம் செல்லும் முடிவு வேறு. சொத்தாயின் விரும்பியபடி திறந்து காட்டலாம். பொறுப்பு என்பதாலேயே மறைவைக் கைவிடும் உரிமை நமக்கு இல்லை. எழுவர் சீட்டைக் காட்டிய பின், காட்டாத எட்டாமவரின் மறைவு மறைவாக நிற்பதில்லை. அவர் மாற்றுக் கருத்துடையவர் என்பதற்கு அதுவே சான்றாகிவிடுகிறது. அஞ்சாதவர் தம் மறைவைத் துறக்கும்போது, அஞ்சுபவரின் மறைவும் உடன் போய்விடுகிறது.

தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் என்று வினைக்கு மூன்று வாயில்கள் உண்டென நம் இல்லங்களில் சிறு வயதிலேயே கற்பிப்பர். மெல்பேர்ன் மேசையில் எண் எழுதியவர் ஒருவர். மற்ற மூவரும் கையொப்பமிட்டு உடன்பட்டவர்கள். நம் ஆசிரியர் அறையில் நாம் செய்வித்தவர்.

சட்டம் இங்கே பெரிதும் உதவுவதில்லை. 2016-இல் இராதாபுரம் தொகுதியில் வெற்றி வேறுபாடு 49 வாக்குகளே. சான்றொப்பமிட்ட தலைமையாசிரியருக்கு அத்தகுதி இல்லை என்று 203 தபால் வாக்குகள் தள்ளப்பட்டிருந்தன. வழக்கு நடந்து, 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு ஆணையிட்டது; முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஒப்பமிட்டவர் யார் என்பதைப் பற்றி இத்தனை ஆண்டு வழக்கு! குறியிடும்போது அருகில் நின்றவர் யார் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மாநகராட்சியில் 2004-இல் நடந்ததோ அப்பட்டமான தபால் வாக்கு மோசடி. மறு ஆண்டு ஆறு உறுப்பினர்களின் தேர்வு செல்லாதென நீதிமன்றம் அறிவித்தது. மோசடியைச் சட்டம் பிடித்துவிடும். பாசத்தை எங்ஙனம் பிடிக்கும்?

தபால் வாக்கே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. நம் மூத்த தமக்கையாருக்கு 2024-இல் அகவை 86. அவ்வாண்டு மக்களவைத் தேர்தலில் 85 நிறைந்தோருக்கு வீட்டிலிருந்தே தபால் வாக்களிக்கும் வசதி இருந்தது. முழங்கால் நோவால் படியிறங்க இயலாத அவருக்கு அது பேருதவி. ஏப்ரலில் ஒரு முற்பகல், அலுவலர்கள் காவலர் ஒருவருடனும் ஒளிப்பதிவாளருடனும் வந்து, கூடத்து மேசைமீது அட்டைத் தடுப்பை நிறுத்தினர். பேரப்பிள்ளைகள் சூழ்ந்துகொண்டனர். அக்கா கண்ணாடியை அணிந்துகொண்டு, தடுப்பின் மேலாக நம்மைப் பார்த்து, "நீ படிச்சவ. எதுல போடணும்னு சொல்லு" என்றார்.

சொல்வதற்குப் பெயர் நாவின் நுனியில் இருந்தது. அவருக்குக் கண்ணும் தெரியும், எழுத்தும் தெரியும். கேட்டது ஐயத்தால் அன்று, அன்பால்தான். "உங்களுக்குத் தோன்றுவதைப் போடுங்கள் அக்கா" என்று சொல்லி, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கிணற்றடிக்குச் சென்றுவிட்டோம். அங்கே நின்ற அந்தச் சில நிமிடங்களில் நினைவுக்கு வந்தவள் அந்த இளம் ஆசிரியைதான். இப்போது அவளும் ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருப்பாள்.

மெல்பேர்ன் மடலுக்கு இவற்றையெல்லாம் விடையாக எழுதினோம். அடுத்த தேர்தலில் உறைகள் வந்தால், அவரவர் அறைக்கு அவரவர் சீட்டை எடுத்துச் செல்லுங்கள் என்றும், முதலில் மாமியாரிடம் கொடுங்கள் என்றும் எழுதினோம். "அத்தைக்கு அங்குள்ளவர்கள் எவரையும் தெரியாதே" என்று பதில் வந்தது. சீட்டுடன் வரும் வேட்பாளர் குறிப்புகளைப் படித்துக் காட்டலாம். படித்த பின் அறையை விட்டு வெளியே வந்துவிடலாம் என்று மீண்டும் எழுதினோம்.

அக்கா எவருக்கு வாக்களித்தார் என்பதை இன்றுவரை சொல்லவில்லை. நாமும் இருமுறை கேட்டுப் பார்த்துவிட்டோம்.