மலையேறி வரும் வேலை

வெள்ளிக்கிழமை ராத்திரியே ஏற்காடு மலைப்பாதையில் பெங்களூரு வண்டிகள் ஏறத் தொடங்கிவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வருகிற ஐ.டி. பிள்ளைகளை இங்கேயே குடியிருக்கும் நான் பல வருடமாகப் பார்க்கிறேன். சனிக்கிழமை காலை, பனிமூட்டம் சில்வர் ஓக் மரங்களை விட்டு இன்னும் விலகியிருக்காது. விடுதி வராந்தாவில் ஒருவன் மடியில் லேப்டாப்போடு, சிக்னல் கிடைக்கிற மூலையைத் தேடிக்கொண்டிருப்பான். மனைவியும் குழந்தையும் ஏரிக்குப் புறப்பட்டு நிற்பார்கள். “அஞ்சே நிமிஷம், ஒரு கால் மட்டும்” என்பான். அது மத்தியானச் சாப்பாடு வரை நீளும்.

உழைக்கிற மணிக்கணக்கு ஆளைச் சாய்க்கிறது. எந்நேரமும் கூப்பிடுவார்களோ என்ற பயம் அதைவிட அதிகமாக அரிக்கிறது. தூக்கம் கெடுகிறது, ஒன்றுமில்லாததற்குப் பிள்ளைமேல் எரிந்து விழுகிறார்கள், ஞாயிறு மத்தியானமே முகம் வாடிவிடுகிறது. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததால் வந்த பக்கவாதத்திலும் இதயநோயிலும் 2016இல் மட்டும் உலகெங்கும் 7,45,000 பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்குச் சொன்னன. மனம் பட்ட பாடு அந்தக் கணக்கில் சேரவில்லை.

இதற்குப் பிறகும் 2023இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 90 என்றார். ஞாயிறும் விடாமல் தினம் கிட்டத்தட்ட பதின்மூன்று மணி நேரம்! தூங்கி, குளித்து, போய்வந்தது போக அம்மாவோடு பேச எந்த நேரம் மிஞ்சும்?

நம் சட்டமன்றத்திலேயே 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. நாலு நாள் வேலை, மூன்று நாள் லீவு என்று அதற்கு நியாயம் சொன்னார்கள். நாலு பன்னிரண்டு நாற்பத்தெட்டுதானே? ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை நடந்த சோதனையில் சம்பளத்தில் கை வைக்காமல் மொத்த நேரத்தையே வாரம் 35, 36 மணிக்கு இறக்கினார்கள். வேலையும் கெடவில்லை, ஆட்களும் தெம்பானார்கள். பன்னிரண்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றவருக்கு மூன்று நாள் லீவு கிடைத்தாலும், முதல் நாள் உடம்பு வலிக்கே போய்விடும். எதிர்ப்புக்குப் பணிந்து அரசு மே தினத்தன்று மசோதாவைத் திரும்பப் பெற்றது. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு வருடம்.

ஊருக்கெல்லாம் லீவு என்றால் எங்கள் ஊர் ரூம் பாய்க்கு அன்றுதான் இரட்டை வேலை. மலைக் கிராமத்துப் பையன் ஒருவனிடம் உனக்கு எப்போது லீவு என்று கேட்டேன். “செவ்வாய்க்கிழமை சார். புக்கிங் வந்துட்டா அதுவும் இல்ல.” காபித் தோட்டத்தில் பழம் பறித்த அவன் அம்மாவைப் போன்றவர்களுக்கு ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்று 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதி வைத்தது. அவன் அம்மாவுக்கு இருந்த அந்த ஒரு நாள்கூட இவனுக்கு உறுதியில்லை.

ஏற்காட்டுக்கு வாருங்கள். வருமுன், சனி ஞாயிறு அழைப்பு வேண்டாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டு வாருங்கள். தனியாகச் சொல்லப் பயமென்றால் டீமோடு சேர்ந்து சொல்லுங்கள். தங்கும் விடுதியின் முதலாளியிடம், இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு வார லீவு உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.