கொடைமடமும் உயிர்களின் உணவும்

பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தான். அம்மயில் அதனைப் போர்த்துக்கொள்ளுமா என்று அவன் ஆராயவில்லை. மயிலின் அகவலைக் குளிரின் நடுக்கமாகக் கொண்டது அவன் உள்ளம். உடனே கை கொடுத்தது. இவ்வாறு ஆராயாது வழங்கும் இயல்பைத் தமிழ் மரபு கொடைமடம் என்றது. மடம் என்பது குறையைக் குறிக்கும் சொல்லேயாயினும், கொடையோடு சேர்ந்தபோது அது புகழாயிற்று. பரணர் பாடிய அப்புகழைப் புறநானூறு கற்கும் மாணவர் அனைவரும் அறிவர்.

அன்று பேகன் கொடுத்தது போர்வையாக இல்லாமல் உணவாக இருந்திருப்பின் அப்புகழ் நின்றிருக்குமா? வேண்டாத போர்வையை மயில் உதறிவிட்டுப் போகலாம். உணவோ உள்ளே சென்று குருதியாகிறது, எலும்பாகிறது, சில வேளை நோயாகிறது. ஆகவே ஊட்டுதலில் கொடைமடத்திற்கு இடமுண்டா என்பது அறத்தை ஆராய்வோர் எளிதில் தள்ளிவிட இயலாத வினாவாகும்.

இதற்கு மறுதலையாகச் சோழர் தம் குலமுதல்வனாகப் போற்றிய சிபியின் கதை நிற்கிறது. புறாவைக் காத்த அருளுக்காகவே இக்கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. துரத்திவந்த பருந்தின் பக்கம் நின்று அதனைப் பார்ப்பவர் குறைவு. பருந்து கேட்டது தன் இரையை. அக்கோரிக்கை தவறென்று சிபி வழக்காடவில்லை. நெற்சோறும் கனியும் தந்து பருந்தைத் திருத்தவும் முற்படவில்லை. ஊன் உண்ணும் உயிருக்கு ஊனே வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு, எடைக்கு எடை தன் தசையை அரிந்து வைத்தான். கொடைக்கு முன்னரே அவனிடம் பெறுபவரின் உடலைப் பற்றிய அறிவு இருந்தது. பேகன் தன் உள்ளத்தைக் கேட்டுக் கொடுத்தான். சிபி பருந்தின் வயிற்றைக் கேட்டுக் கொடுத்தான். இருவரையும் ஒரே வரிசையில் வைத்துப் புகழ்வது பழக்கமாகிவிட்டதால் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாமல் போயிற்று.

விலங்குகளின் ஊட்டத்தை ஆராயும் அறிவியல், எந்த உடல் எதனை ஏற்கும் என்பதைச் சொல்லும். எதனைக் கொடுக்கலாம் என்ற அற வினாவிற்கு அது விடை கூறாது. எனினும் முன்னதை அறியாதார் பின்னதைத் தொடங்கவே இயலாது.

அவ்வறிவு எங்கிருந்து வந்தது என்பதையும் கருதவேண்டும். பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவில், பெரிபெரி நோயை ஆராய்ந்துவந்த டச்சு மருத்துவர் ஐக்மன், 1889இல் தம் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் வலுவிழந்து சாய்வதைக் கண்டார். அவற்றிற்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு இடப்பட்டுவந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தாரின் அரிசியைச் சாதாரணக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்தார். தவிடு நீக்காத அரிசிக்கு மாறிய கோழிகள் தேறின. வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு உண்டென்றே ஐக்மன் முதலில் எண்ணினார். தவிட்டோடு நீங்கிவிடும் ஓர் இன்றியமையாப் பொருளே காரணம் என்பதை அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்த கிரைன்ஸ் 1901இல் எடுத்துரைத்தார். பின்னாளில் தயமின் எனப் பெயர்பெற்ற உயிர்ச்சத்து அது. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. கோழிகளுக்கு என்ன கிடைத்தது என்று எந்த நூலும் கூறவில்லை.

மலாயாவிலும் இந்நோய் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மலிந்திருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி மிகுந்திருப்பதையும், புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அது அரிதாக இருப்பதையும் கவனித்து எழுதினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே அதற்குக் காரணம். தோட்டத்துத் தமிழர் அதனை அறிந்து உண்டாரல்லர்; பாட்டன் வழக்கம் அவர்களைக் காத்தது. பின்னர்க் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும், சாலைப் பணிக்கு வந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வெள்ளையரிசியும் மற்றவருக்குப் புழுங்கலரிசியும் தந்து பார்த்தனர். நோய் வெள்ளையரிசி உண்டவரிடம் தோன்றியது. அரிசியை மாற்றியபோது நோயும் பக்கம் மாறியது. 1909இல் இவ்வாய்வு வெளியாயிற்று. கோழிகளைக் கொண்டும் அவர்கள் இதனைச் சோதித்தனர். கோழியும் கூலியாளும் ஏறக்குறைய ஒரே தட்டில் நிறுத்தப்பட்ட காலம் அது. அதன் பயனாக ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர் என்பது உண்மை. ஊட்டத்தைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி, வேண்டுமென்றே ஊட்டம் மறுக்கப்பட்ட உடல்களிலிருந்து பெறப்பட்டது என்பதும் உண்மையே. அவ்வறிவைப் பயன்படுத்துவோர் அக்கடனை மறத்தல் தகாது.

பசுவை எடுத்துக்கொள்வோம். அதன் வயிறு நான்கு அறைகளை உடையது. முதல் அறையில் வாழும் எண்ணிலா நுண்ணுயிர்களே புல்லையும் வைக்கோலையும் சிதைத்துப் பசுவுக்கு உணவாக்குகின்றன. பசுவுக்கு ஊட்டுபவர் உண்மையில் அந்நுண்ணுயிர்களுக்கே ஊட்டுகிறார். மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுந்து, பொங்கலையும் சோற்றையும் வாளி வாளியாக வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மாவுச்சத்து திடீரென மிகும்போது அவ்வறையில் அமிலம் பெருகுகிறது. புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. மாடு அசைபோடுவதை நிறுத்திப் படுத்துவிடுகிறது. சில மாடுகள் எழுவதேயில்லை. நன்றி செலுத்தும் நாளில், நன்றியாலேயே நேரும் சாவு இது. கொடைமடத்தின் விலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை.

அறியாமை மட்டுமே தீங்கு செய்யும் என்று கொள்ளவும் இயலாது. பிரிட்டனில் பாலும் எடையும் பெருக வேண்டிப் பசுக்களின் தீவனத்தில் விலங்குகளின் இறைச்சித் தூளும் எலும்புத் தூளும் கலந்தவர்கள் ஊட்ட அறிவில் தேர்ந்தவர்களே. புரதக் கணக்கு அவர்களுக்குச் சரியாகவே வந்தது. 1986இல் பித்தப்பசு நோய் அங்கே கண்டறியப்பட்டது. 1988இல் அத்தீவனம் தடைசெய்யப்பட்டது. 1996இல் மனிதரைக் கொல்லும் மூளை நோய் ஒன்றோடு அதற்குத் தொடர்பிருக்கலாம் என்று அரசே அறிவித்தது. அங்கே இல்லாதிருந்தது பசு எத்தகைய உயிர் என்ற மதிப்பு.

இவற்றினும் சிக்கலானது வீட்டுப் பூனையைப் பற்றிய வினா. சைவ உணவுண்ணும் குடும்பம் ஒன்று பூனையை வளர்க்கிறது. பாலும் தயிர்ச் சோறும் இடுகிறது. கொல்லாமை நெறி வீட்டுப் பூனைக்கும் எட்டிவிட்டதென மகிழ்கிறது. தோட்டத்து வரிசை வீடுகளில் இதனால் பெருந்தீங்கு நேரவில்லை. பூனை இரவில் எலியும் பல்லியும் பிடித்துத் தன் கணக்கை நேர்செய்துகொண்டது. அடுக்குமாடி வீட்டின் பன்னிரண்டாம் தளத்தில் கதவடைத்து வளர்க்கப்படும் பூனைக்கு அவ்வழியில்லை. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் முதல் இசைவு உண்டு. இசைவு பெற்ற அப்பூனைக்குத் தட்டில் விழுவதே உலகம்.

பூனையின் உடல் பிடிவாதமானது. கீரையிலும் காரட்டிலும் உள்ள மஞ்சள் நிறப்பொருளை மனித உடல் ஏ உயிர்ச்சத்தாக மாற்றிக்கொள்ளும்; பூனையால் அது இயலாது. டாரின் என்னும் பொருளைப் பூனை தனக்கு வேண்டிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாது. ஊனிலும் மீனிலும் அது உண்டு, தாவரங்களில் இல்லையென்றே சொல்லலாம். பாலின் புரதமாகிய கேசினை மட்டும் புரதமாகத் தந்து வளர்த்த பூனைகளின் விழித்திரை நலிந்து போனதை 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அன்போடு வைத்த பால் கண்ணைக் காக்கவில்லை. 1987இல் டாரின் குறைவால் பூனைகளின் இதயம் தளர்ந்து வீங்குவதும் அறியப்பட்டது. அப்பூனைகளுட் பல, வல்லுநர் கணக்கிட்டுத் தயாரித்த கடைத் தீவனத்தையே உண்டவை.

வடலூரில் 1867இல் தருமச்சாலை நிறுவிப் பசி நீக்குதலையே சீவகாருணியத்தின் தலையாய செயலாகக் கொண்டவர் வள்ளலார். அவர், ஓருயிரைக் கொன்று மற்றோர் உயிரின் பசியாற்றுவதைச் சீவகாருணியமாக ஏற்கவில்லை. அந்நெறியில் நிற்பவருக்குப் பூனையின் முன் நேரும் இடர் உண்மையானது. அதனை நகைப்பது முறையன்று. மீன் கொடுத்தால் மீனுக்குத் தீங்கு. மறுத்தால் பூனைக்குத் தீங்கு. ஆலையில் செய்த டாரினைச் சேர்த்த தாவரத் தீவனம் இன்று விற்பனையில் உள்ளது என்பர். அதனைத் தேர்வோர் விலங்கு மருத்துவரின் கண்காணிப்போடு தேரட்டும். தயிர்ச் சோறும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் எந்த ஏற்பாடும் இன்றிப் பூனையை நோன்பிருக்கச் செய்வதற்கு அறத்தில் இடமில்லை. நோன்பு ஒருவர் தம் உடல்மேல் தாமே ஏற்பது. பிறிதோர் உடல்மேல் ஏற்றப்படும்போது அது தண்டனையாகிவிடுகிறது. மீனைத் தொட மனமில்லாதார் முயலையோ கிளியையோ வளர்க்கலாம், எதையும் வளர்க்காமலும் இருக்கலாம். பூனையை வளர்க்கத் துணிந்த அன்றே அவர்கள் அதன் பல்லுக்கும் உடன்பட்டவர்களாகின்றனர்.

ஊட்டாமையே அறமாகும் இடமும் உண்டு. பத்துமலையின் 272 படிகளில் ஏறுவோர் நீட்டும் வாழைப்பழத்திற்கும் தேங்காய்க்கும் நீள்வால் குரங்குகள் காத்திருக்கின்றன. கனியோடு இலை, பூச்சி, நண்டு எனத் தேடித்தேடி உண்ணும் இனம் அது. நாளின் பெரும்பொழுதைத் தேடலிலேயே கழிப்பது. தேடாமல் கிடைக்கும் இடத்தில் கூட்டம் பெருகுகிறது. நீட்டாத கையிலிருந்து பறிக்கவும் கற்கிறது. கொடுத்தவர் வீடு திரும்பிவிடுவார். மறுவாரம் பையைப் பறிகொடுத்தவர் புகார் எழுதுவார்; கூண்டும் துப்பாக்கியும் குரங்கைத் தேடி வரும். சிங்கப்பூரில் குரங்குக்கு உணவிடுவதற்கு முன்பிருந்தே தடையுண்டு. 2020 ஜூன் முதல் எல்லாக் காட்டுயிர்களுக்கும் அத்தடை விரிந்தது. முதன்முறை மீறுவோர்க்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

பசித்த உயிருக்கு இடு என்று வகுப்பறையில் படித்த பிள்ளை, புக்கிட் தீமா காட்டோரத்தில் உணவிடாதீர் என்ற பலகையைக் கண்டு திகைப்பது இயல்பே. அங்கே நிற்கும் குரங்கு பட்டினியால் வந்ததன்று. எளிதாகக் கிடைத்த சுவை நினைவால் வந்தது. காட்டுக்குள் அத்தி பழுத்திருக்கிறது. கன்னப்பையில் கனியை அடக்கிக்கொண்டு சென்று, தாய்மரத்திற்கு அப்பால் விதையை உமிழ்வது அக்குரங்கின் அன்றாடத் தொழில். சாலையோரத்தில் ரொட்டிக்காக அமர்ந்திருக்கும் நாளில் அத்தொழில் நடைபெறுவதில்லை.