விதைக்காத மேகம்

மேகம் திரண்டு நிற்கிறது. கீழே நிலம் வெடித்துக் கிடக்கிறது. மழைவிதை தூவ விமானமும் ஆயத்தமாய் உள்ளது. அந்நிலையில், "இம்மேகத்திற்குத் தூவ வேண்டா" என்று விட்டுவிடுவது அறமாகுமா?

இது வெறுங்கற்பனை அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியிலுள்ள சோலாப்பூரில், 2018, 2019 ஆம் ஆண்டுகளில், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் இவ்வாறே செய்தனர். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 276 மேகங்களுள் ஒரு பகுதிக்கே விதை தூவினர். மற்றவற்றை ஒப்புநோக்குவதற்காக விட்டனர். எதற்குத் தூவுவது என்பதை எவர் விருப்பத்திற்கும் விடாமல், குலுக்கல் போன்றதொரு முறையே தீர்மானித்தது.

மேக விதைப்பு மேகத்தைப் படைப்பதில்லை. உள்ள மேகத்தைத் தூண்டுவதே அது. வெப்ப மேகமாயின் உப்புத் துகள்களும், உறைநிலைக்குக் கீழ்க் குளிர்ந்த மேகமாயின் சில்வர் அயோடைடும் பயன்படும். ஆதலால் நாள்தோறும் பலூன் அனுப்பிக் காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் அளந்து, செயற்கைக்கோள் படத்தையும் ரேடாரையும் நோக்கி, அன்று விமானம் எழலாமா என முடிவு செய்கின்றனர். திரள்மேகத்தின் ஆயுள் குறுகியது. தயங்கினால் அது கலைந்துவிடும்.

தமிழக அரசும் கடும் வறட்சியால் 1983 இலும், 1984 முதல் 1987 வரையிலும், 1993-94 இலும் மேக விதைப்பை மேற்கொண்டது. துயர் துடைக்க முனைவோர்க்கு ஒரு மேகத்தையும் விட மனம் வாராது, அஃது இயல்பே. ஆயினும் எல்லா மேகங்களுக்கும் தூவியபின் பெய்யும் மழையில், இயற்கை தந்தது எவ்வளவு, நாம் கூட்டியது எவ்வளவு என்று எங்ஙனம் பிரித்தறிவது? அறியாமலே ஆண்டுதோறும் பொதுப்பணத்தைச் செலவிடுவதும் ஏழைக்கு இழைக்கும் தீங்கே அன்றோ?

"பசித்தவனுக்குச் சோற்றை மறைக்கலாமா?" என்று சிலர் வினவுவர். சோறு பசி தீர்க்கும் என்பது ஐயமற்றது. விதை மழை தரும் என்பதோ அப்போது ஐயத்திற்குரியது. அந்த ஐயம் உண்மையாக இருக்கும் வரைதான் மேகத்தை விடுவது முறையாகும். சோலாப்பூரில் விதைத்த மேகங்களால் மழை 18 விழுக்காடு அளவு கூடியது என 2023 இல் முடிவு வெளியிட்டனர். இனி அவ்விடத்தில் அதே வினாவுக்காக அதே மேகங்களை விடுவதற்கு வலுவான காரணம் வேண்டும். ஆனால் அம்முடிவை நம் நாட்டின் எல்லா வானத்திற்கும் பொதுவாக்கலும் தவறு. இரு பருவமழைகளும் நனைக்கும் நாஞ்சில் நாட்டு மேகம் வேறு, சோலாப்பூர் மேகம் வேறு.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. கன்னிப்பூக் கதிர் முற்றிய வயலுக்கும், வெயிலை நம்பும் உப்பளத்திற்கும் மழை இழப்பு. அதே நாளில் நாற்றுக்குத் தண்ணீர் தேடுவோர்க்கு அதுவே உயிர். ஆதலின் விதைப்பதும் ஒரு தீர்ப்பு. விடுவதும் ஒரு தீர்ப்பு. மழைக்குப்பின் காரணம் கற்பிக்காமல், மழைக்கு முன்பே காரணத்தை எழுதிவைத்தல் தீர்ப்பளிப்போர் கடன். அறிவைத் தேடும் பொருட்டு ஒருவர் வயலின்மேல் மேகத்தை விடுவோமாயின், அதனை அவ்வுழவருக்கு முன்கூட்டியே உரைத்தலும் நம் கடனேயாம்.